ஸ்டார் க்ளோசரை வித்துட்டு சின்னப் பசங்களை வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை பாதி தாண்டிருச்சுன்னா போதும், பேஸ்பால் பாக்குற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான், டீம்லயே நல்லா போடுறவனை ஏன் தூக்கி குடுக்குறாங்கன்னு. (நான் வித்தாங்கன்னு சொல்றது ட்ரேடைத்தான், ஆளைக் குடுத்து பதிலுக்கு வேற ஆளுங்களை வாங்குறது.) நான் மில்வாக்கி ப்ரூவர்ஸ் பக்கம், மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு ஸ்டார் க்ளோசரை வித்த டீம் அது, அதனாலயோ என்னவோ கேள்வி எல்லாம் என் தலையிலயே வந்து விழுது. கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். பின்னாடி வர்ற பதில் எல்லாம் முன்னாடி சொன்னதை வெச்சுதான் ஓடும், அதனால மேல இருந்து படிச்சுட்டு வாங்க.

அண்ணா, க்ளோசர்னா யாரு? டீம்லயே பெரிய பிட்சர் அவர்தானா?

பேஸ்பால் மேட்ச் 9 இன்னிங்ஸ். முதல்ல போட வர்றவன் ஸ்டார்ட்டர், அஞ்சாறு இன்னிங்ஸ் போட்டுட்டு கிளம்பிருவான், அப்புறம் புல்பென்ல (மாத்து பிட்சருங்க, அதாவது பந்து போடுறவங்க, தயாராகுற இடம்) இருந்து ஒவ்வொருத்தனா வருவாங்க. நம்ம டீம் மூணு ரன்னுக்குள்ள முன்னிலைல இருக்குறப்ப கடைசி இன்னிங்ஸ்ல வந்து மூணு அவுட் எடுத்து மேட்சை முடிச்சு குடுக்குறவன்தான் க்ளோசர். அப்படி முடிச்சா அவன் கணக்குல ஒரு சேவ் ஏறும், 1969ல இருந்து இது அதிகாரபூர்வ கணக்கு. டி20ல 20ஆவது ஓவருக்குன்னு பும்ராவை எடுத்து வெச்சிருப்பாங்கல்ல அந்த மாதிரி, ஆனா பும்ரா முன்னாடியும் வந்து ஓவர் போடுவாரு, க்ளோசருக்கு அந்த ஒரு இன்னிங்ஸ் மட்டும்தான் வேலை.

பெரிய பிட்சரான்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்லணும். நிறைய க்ளோசருங்க ஸ்டார்ட்டரா வந்து சரிப்பட்டு வராம புல்பென்னுக்கு போனவங்க. 652 சேவ் எடுத்த யாங்கீஸ் மரியானோ ரிவேராவே 1995ல ஸ்டார்ட்டராதான் மேஜர் லீக்ல ஆரம்பிச்சான்.

ப்ராஸ்பெக்ட்னு சொல்றது யாரை? அவங்களை வாங்கி உடனே ஆட வைக்க முடியுமா?

மைனர் லீக்ல ஆடிட்டு இருக்குற பசங்க. சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏன்னு படிப்படியா ஏறி வரணும். 18 வயசு பையன்னா மேல வர மூணு நாலு வருஷம் ஆகும், ட்ரிபிள் ஏல இருக்குறவன்னா அடுத்த மாசமே கூட வரலாம். ஸ்கவுட்டுங்க 20ல இருந்து 80 வரைக்கும் மார்க் போடுவாங்க, 50ன்னா மேஜர் லீக்ல சராசரி ஆளு.

எதுக்கு இவங்க மேல இவ்வளவு ஆசைன்னா, மேல வந்ததுக்கு அப்புறம் ஆறு வருஷம் அந்த டீம் கைலதான் இருப்பான். முதல் மூணு வருஷம் கிட்டத்தட்ட குறைஞ்சபட்ச சம்பளம்தான், 2025ல அது 7,60,000 டாலர். அதுக்கு அப்புறம் ஆர்பிட்ரேஷன்னு ஒண்ணு, சம்பளம் பேசி ஒத்து வரலன்னா நடுவருங்க முடிவு பண்ணுவாங்க, வருஷா வருஷம் சம்பளம் ஏறும். ஆறு வருஷம் முடிஞ்சா ஃப்ரீ ஏஜென்ட், எங்க வேணா போகலாம். இந்த ஆறு வருஷ கணக்கை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, கீழ வர்ற எல்லா பதிலும் இதுலதான் தொங்குது.

நல்லா போடுறவனை எதுக்குய்யா விக்கணும்? இவனுங்களுக்கு மூளை இருக்கா?

ஒரு சின்ன கணக்கு போடுவோம். சீசனுக்கு 162 மேட்ச், 9 இன்னிங்ஸ்னா 1458 இன்னிங்ஸ். க்ளோசர் போடுறது 60, 65. நூத்துக்கு நாலு, நாலரை. மேட்ச் சிக்கல்ல நிக்குறப்ப போடுற இன்னிங்ஸ்தான், அதனால அதுக்கு மதிப்பு கூடத்தான் இருக்கும், ஒத்துக்குறேன். ஆனா டீம் 95 மேட்ச் தோக்குற டீமா இருந்தா அவன் காப்பாத்துறதுக்கு முன்னிலையே இருக்காது. வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து மூணு அவுட் எடுத்துட்டு போறவனுக்கு கோடி கோடியா குடுத்து என்ன பிரயோஜனம்?

அடுத்தது சம்பளம். ஆர்பிட்ரேஷன்ல சேவ் எண்ணிக்கைக்கு நல்ல மதிப்பு, அதனால சேவ் ஏற ஏற சின்ன ஊர் டீமால தாங்க முடியாது. ஜாஷ் ஹேடருக்கு 2022ல ப்ரூவர்ஸ் குடுத்தது 1.1 கோடி டாலர், அதுக்கு அடுத்த வருஷம் அது 1.4 கோடியை தாண்டுச்சு. அப்புறம் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி ஆஸ்ட்ரோஸ்ல 5 வருஷத்துக்கு 9.5 கோடி டாலர் வாங்கினான். மில்வாக்கி மாதிரி மேஜர் லீக்லயே சின்ன மார்க்கெட்ல இருக்குற டீம் ஒரு இன்னிங்ஸ் ஆளுக்கு அதை குடுத்தா மத்தவனுக்கு என்னத்த குடுக்குறது.

மூணாவது, கை. 160 கிலோமீட்டருக்கு மேல பந்தை வீசுற முழங்கை எப்ப போகும்னு எவனுக்கும் தெரியாது. பால்டிமோர்ல ஃபீலிக்ஸ் பௌடிஸ்டா 2023ல லீக்கையே மிரட்டிட்டு இருந்தான், ஆகஸ்ட்ல முழங்கை லிகமெண்ட் கிழிஞ்சது, 2024 முழுக்க ஆடல, திரும்பி வந்த 2025லயே தோள்ல ஆபரேஷன். எட்வின் டியாஸ் கதை இன்னும் கொடுமை, 2023 மார்ச்ல வேர்ல்டு பேஸ்பால் க்ளாசிக்ல போர்டோ ரிக்கோ ஜெயிச்ச சந்தோஷத்துல கட்டிப்பிடிச்சு குதிச்சப்ப முட்டி தசைநார் அறுந்து அந்த சீசனே போச்சு. பந்து போடுறப்ப கூட இல்ல, குதிச்சான், அவ்வளவுதான். 10.2 கோடி டாலர் காண்ட்ராக்ட் கையெழுத்து போட்டு நாலு மாசம் ஆகிருந்துச்சு.

வித்துட்டா 9ஆவது இன்னிங்ஸ் யாரு போடுவா? மேட்ச் எல்லாம் கோட்டை விட்டுருவாங்களே?

இதுதான் எல்லாரும் பயப்படுற இடம், ஆனா பயம் கொஞ்சம் ஓவர். 9ஆவது இன்னிங்ஸுக்கு முன்னிலையோட போற டீம் கிட்டத்தட்ட 95 சதவீதம் மேட்ச்ல ஜெயிக்குது, க்ளோசர்ங்கிற வேலையே இல்லாத பழைய காலத்துலயும் ஏறக்குறைய இதே கதைதான். மூணு ரன் முன்னிலைல மூணு அவுட் எடுக்குறது சுமாரான ரிலீவர் (புல்பென்ல இருந்து வர்ற பிட்சர்) கூட பெரும்பாலும் செய்யுற வேலை. ஒரு ரன் முன்னிலை, எதிர்ல நல்ல பேட்டருங்க வரிசையா வர்றாங்க, அங்கதான் ஸ்டார் தேவை.

மில்வாக்கில ஹேடர் போனதும் டெவின் வில்லியம்ஸ் வந்தான், அவன் சேஞ்ச்அப் பந்துக்கு ஏர்பெண்டர்னே பேரு, பேட்டர் ஒரு பக்கம் பேட் வீசினா பந்து இன்னொரு பக்கம் போகும். வில்லியம்ஸையும் வித்தாங்க, ட்ரெவர் மெகில் வந்தான், 2025ல மெகிலுக்கு அடிபட்டதும் ஆப்னர் உரிபே முடிச்சு குடுத்தான். அந்த வருஷம் 97 வெற்றி, லீக்லயே அதிகம். ஆனா ஒண்ணு, இது எல்லா டீமுக்கும் வராது. உள்ளுக்குள்ள அடுத்த ஆள் தயாரா இருந்தாதான் விக்கணும், இல்லாதவன் வித்தா அந்த வருஷம் செத்தான்.

இப்படி வித்து நிஜமா லாபம் பாத்தவங்க இருக்காங்களா? இல்ல எல்லாம் பேப்பர்ல போடுற கணக்கா?

இருக்காங்க. எல்லாரும் சொல்ற உதாரணம் 1997 ஜூலை 31. சியாட்டில் மரினர்ஸ்க்கு பேட்டிங் பிரமாதம், புல்பென் கந்தல். பாஸ்டன்ல இருந்து ஹீத்க்ளிஃப் ஸ்லோகம்ப்னு ஒரு க்ளோசரை வாங்கினாங்க, அவன் இ.ஆர்.ஏ (9 இன்னிங்ஸுக்கு சராசரியா விட்டுக் குடுக்குற ரன், கம்மியா இருந்தாதான் நல்லது) அப்ப 5க்கு மேல, ஸ்டார்னு கூட சொல்ல முடியாது. பதிலுக்கு குடுத்தது டெரெக் லோ, ஜேசன் வாரிடெக். ஏழு வருஷம் கழிச்சு 2004ல பாஸ்டன் 86 வருஷத்துக்கு அப்புறம் கோப்பை அடிச்சப்ப கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) வாரிடெக், மூணு சீரிஸ்லயும் கடைசி மேட்ச்ல ஜெயிச்ச பிட்சர்னு பேர் வந்தது லோவுக்கு. சியாட்டில் 1997ல முதல் ரவுண்டுலயே வெளிய. பழைய மரினர்ஸ் ரசிகன் யார்கிட்டயாவது ஸ்லோகம்ப் பேரை சொல்லிப் பாருங்க, மூஞ்சி சுருங்கும்.

இன்னொண்ணு எனக்கு ரொம்ப பிடிச்சது, 2015 ஏப்ரல்ல சீசன் ஆரம்பிக்க ஒரு நாள் இருக்குறப்ப அட்லாண்டா ப்ரேவ்ஸ் க்ரெய்க் கிம்ப்ரலை சான் டியேகோவுக்கு வித்தது. நாலு வருஷம் வரிசையா நேஷனல் லீக்ல (மேஜர் லீக்குக்குள்ள இருக்குற ரெண்டு லீக்ல ஒண்ணு) அதிக சேவ் எடுத்தவன். அவன் கூடவே மெல்வின் அப்டன்ங்கிற ஆளோட மூணு வருஷ சம்பள சுமையையும் தலையில கட்டி விட்டாங்க. திரும்பி வந்த ஆளுங்க பெருசா சாதிக்கல, மேட் விஸ்லர்னு பேர் அடிபட்ட பிட்சரும் புஸ்ஸுன்னு போயிட்டான். ஆனா கூடவே ஒரு ட்ராஃப்ட் (புதுப் பசங்களை டீமுங்க வரிசையா எடுக்குறது) இடமும் வந்துச்சு, 41ஆவது. அந்த இடத்துல எடுத்தது ஆஸ்டின் ரைலி. 2021ல 33 ஹோம் ரன், அந்த வருஷமே உலக தொடர் கோப்பை, அப்புறம் 10 வருஷத்துக்கு 21.2 கோடி டாலர் காண்ட்ராக்ட். ட்ரேட் நடந்த அன்னிக்கு அந்த 41ஐ பத்தி எவனும் பேசல.

அப்ப வாங்குறவன் எல்லாம் ஏமாளியா ப்ரோ?

இல்லவே இல்ல. 2016 சிகாகோ கப்ஸ் 1908ல இருந்து கோப்பையே இல்லாத டீம், அந்த வருஷம் கையில நல்ல டீம் இருக்கு, கடைசி இன்னிங்ஸ்தான் கொஞ்சம் இடிக்குது. ஜூலை 25 அன்னிக்கு யாங்கீஸ்ல இருந்து அரோல்டிஸ் சாப்மனை வாங்கினாங்க, சீசன் முடிஞ்சா ஃப்ரீ ஏஜென்ட் ஆகுற ஆளு, அவனுக்கு க்ளைபர் டோரஸ் உட்பட நாலு பேரை குடுத்தாங்க. டோரஸ் அப்ப 19 வயசு, ஹை ஏல ஆடிட்டு இருந்தான். அப்புறம் யாங்கீஸ்க்கு 2018, 2019 ரெண்டு வருஷமும் ஆல் ஸ்டார், 2019ல 38 ஹோம் ரன். கப்ஸ் வருத்தப்பட்டாங்களா? சிகாகோ தெருவுல போய் கேட்டு பாருங்க, இன்னொரு டோரஸ் இருந்தாலும் குடுத்திருப்போம்னுதான் சொல்வாங்க.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. உலக தொடர் 7ஆவது மேட்ச்ல 8ஆவது இன்னிங்ஸ், ரெண்டு ரன் முன்னிலை, சாப்மன் கையில பந்து, முந்தின ரெண்டு மேட்ச்லயும் போட்டு போட்டு களைச்சு போயிருந்தான். க்ளீவ்லண்ட் பேட்டர் ராஜாய் டேவிஸ் இடது பக்கம் ஒரு ஹோம் ரன் விட்டான் பாருங்க, ஸ்கோர் 6-6. மழை வந்து 17 நிமிஷம் நின்னுது, 10ஆவது இன்னிங்ஸ்ல 8-7ன்னு கப்ஸ் ஜெயிச்சாங்க. கடைசி அவுட் எடுத்தது மைக் மான்ட்கோமரி, அந்த ஜூலையில சத்தமே இல்லாம சியாட்டில்ல இருந்து வாங்கின ஆளு, அவன் மேஜர் லீக் வாழ்க்கையிலயே அதுதான் முதல் சேவ். அவ்வளவு விலை குடுத்து வாங்குன க்ளோசர் டக்அவுட்ல உக்காந்திருந்தான். ஆனாலும் சாப்மன் இல்லாம அந்த 7ஆவது மேட்ச் வரைக்கும் வந்திருப்பாங்களான்னா சந்தேகம்தான், 5ஆவது மேட்ச்ல அவன் 8 அவுட் எடுத்துதான் சீரிஸே உயிரோட இருந்துச்சு.

சாப்மனை வித்துட்டு திரும்ப அவங்களே வாங்கிட்டாங்களாமே, அப்படி எல்லாம் பண்ணலாமா?

தாராளமா. மேல சொன்ன அதே சாப்மன் நவம்பர்ல ஃப்ரீ ஏஜென்ட் ஆனான், டிசம்பர்ல யாங்கீஸே 5 வருஷம் 8.6 கோடி டாலருக்கு எடுத்துட்டாங்க. மூணு மாசம் வாடகைக்கு விட்ட மாதிரி ஆச்சு, வாடகையா டோரஸ் வந்தான். ஒரு விஷயத்தையும் சேத்து சொல்லணும், 2015 டிசம்பர்ல யாங்கீஸ் அவனை சின்சினாட்டில இருந்து மலிவா எடுத்ததுக்கு காரணம் குடும்ப வன்முறை புகார்ல லீக் விசாரணை ஓடிட்டு இருந்தது. போலீஸ் கேஸ் ஆகல, ஆனா லீக் 30 மேட்ச் தடை போட்டுது. அந்த லாபத்தை பத்தி பேசுறவங்க இதை விட்டுட்டு பேசுறது எனக்கு பிடிக்காது.

எல்லாராலயும் இது முடியாது. திரும்ப வாங்க பணம் வேணும், யாங்கீஸ்கிட்ட இருக்கு, மில்வாக்கிகிட்ட இல்ல.

சரி, முதல் இடத்துல இருக்குற டீம் க்ளோசரை விக்கலாமா? 2022ல உங்க டீம் பண்ணது அநியாயம்தானே?

வந்துட்டீங்களா. 2022 ஆகஸ்ட் 1. ப்ரூவர்ஸ் டிவிஷன்ல (அஞ்சு டீம் இருக்குற பிரிவு) முதல் இடம், மூணு மேட்ச் முன்னாடி. ஹேடர் கணக்குல 29 சேவ். ஆனா ஜூலையில ஆளு கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தான், 15ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோல 5-2 முன்னிலையோட 9ஆவது இன்னிங்ஸ் போட வந்து ஜோயி பார்ட் ஒரு ஹோம் ரன், டாரின் ரஃப் ஒரு ஹோம் ரன், கடைசியா பேஸ் எல்லாம் ஆளுங்க நிக்க மைக் யஸ்ட்ரெம்ஸ்கி கிராண்ட் ஸ்லாம், 8-5 முடிஞ்சுது. அதை பாத்துட்டு அப்பவே எனக்கு வயித்துல என்னவோ பண்ணுச்சு. இருந்தாலும் ஒன்றரை வருஷம் பாக்கி இருக்குற ஸ்டாரை, அதுவும் முதல் இடத்துல இருக்குறப்ப, ப்ளேஆஃப் போட்டில இருக்குற இன்னொரு நேஷனல் லீக் டீமான சான் டியேகோவுக்கே குடுப்பாங்கன்னு எவன் நினைச்சான்.

வந்தவங்க நாலு பேர். டெய்லர் ராஜர்ஸ், அவனும் க்ளோசர்தான் ஆனா சீசன் முடிஞ்சா போயிருவான். டினெல்சன் லமெட், அவனை ஒரு வாரம் கூட வெச்சுக்காம கழட்டி விட்டாங்க. எஸ்டெயூரி ரூயிஸ், ராபர்ட் கேஸர், ரெண்டு பேரும் ப்ராஸ்பெக்ட். ட்ரேட் முடிஞ்ச கையோட பிட்ஸ்பர்க் போய் மூணு மேட்ச்லயும் தோத்தாங்க, பிட்ஸ்பர்க் அப்ப தேறாத டீம். சீசன் முடிவுல 86 வெற்றி, கடைசி ப்ளேஆஃப் இடம் 87 வெற்றியோட ஃபில்லிக்கு (ஃபிலடெல்ஃபியா). ஒரே ஒரு மேட்ச். சக வீரருங்க வெளிப்படையாவே மனசு உடைஞ்சு பேசினாங்க. கணக்குல அந்த நாலு சதவீதம்தான், ஆனா ட்ரெஸ்ஸிங் ரூம்ல உக்காந்திருக்குறவன் இதை எப்படி படிப்பான், "மேனேஜ்மென்ட்டுக்கே நாம ஜெயிப்போம்னு நம்பிக்கை இல்ல"ன்னுதான் படிப்பான். அங்க போன ஹேடரும் முதல் மாசம் அடி வாங்குனான், இ.ஆர்.ஏ 7க்கு மேல போச்சு, அப்புறம் அக்டோபர்ல சரியாகி சான் டியேகோ டாட்ஜர்ஸை வீழ்த்தி அரையிறுதி மாதிரி இருக்குற என்.எல்.சி.எஸ் வரைக்கும் போனாங்க.

இப்ப பின்பாதி. டிசம்பர்ல ரூயிஸை வெச்சு ஓக்லண்ட், அட்லாண்டா சேர்ந்த மூணு டீம் ட்ரேட்ல வில்லியம் கான்ட்ரெராஸ்ங்கிற கேட்சரை எடுத்தாங்க, கூடவே ஜோயல் பயாம்ப்ஸ்னு ஒரு நல்ல ரிலீவர். ரூயிஸ் ஓக்லண்ட்ல 2023ல 67 பேஸ் திருடுனான், ஆனா பேட்டிங் எடுபடல. கான்ட்ரெராஸ் 2023ல சில்வர் ஸ்லக்கர் (அந்தந்த இடத்துல சிறந்த பேட்டருக்கு குடுக்குற விருது), 2024ல ஆல் ஸ்டார், 2023, 2024, 2025 மூணு வருஷமும் டிவிஷன் நம்மளுது. அதனால என் தீர்ப்பு இதுதான், வித்தது சரி, வித்த நேரம் தப்பு. நாலு மாசம் பொறுத்து டிசம்பர்ல வித்திருந்தா ஒரு வருஷம் பாக்கி இருக்குற ஹேடருக்கு விலை கொஞ்சம் குறைஞ்சிருக்கும், ஆனா அந்த 2022 அக்டோபர் கையை விட்டு போயிருக்காது.

அப்ப எப்பதான் விக்கணும்? ஜூலையா டிசம்பரா?

கடைசி இடத்துல இருந்தா ஜூலை, அதுல யோசிக்கவே வேண்டாம். ஜூலையில வாங்குறவன் அவசரத்துல இருப்பான், அக்டோபர் கண்ணு முன்னாடி நிக்கும், விலை ஏறும். போட்டில இருந்தா டிசம்பர். 2024 டிசம்பர்ல ப்ரூவர்ஸ் இதைத்தான் பண்ணாங்க, டெவின் வில்லியம்ஸை யாங்கீஸுக்கு வித்து நெஸ்டர் கோர்டெஸையும் கேலப் டர்பினையும் எடுத்தாங்க. அக்டோபர்ல பீட் அலோன்சோகிட்ட வில்லியம்ஸ் வாங்குன ஹோம் ரன்ல நாங்க வெளிய போனோம், அந்த புண் ஆறுறதுக்குள்ள வித்தாச்சு. டர்பின் 2025ல மூணாவது பேஸ்ல நின்னு ரூக்கி ஆஃப் த இயர் (சிறந்த புதுமுக வீரர் விருது) ஓட்டுல மூணாவது வந்தான், வில்லியம்ஸ் நியூயார்க்ல ஏப்ரல் முடியுறதுக்குள்ள க்ளோசர் வேலையை இழந்தான்.

தப்பான நேரம்னா செயின்ட் லூயிஸை பாருங்க. ரயன் ஹெல்ஸ்லி 2024ல 49 சேவ், அந்த டீம் வரலாத்துலயே அதிகம். டீமை புதுசா கட்டப் போறோம்னு அவங்களே சொல்லிட்டு அவனை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. 2025 ஜூலையில மெட்ஸுக்கு வித்தப்ப ரெண்டு மாசம்தான் பாக்கி, வந்த மூணு பசங்கள்ல ஒருத்தன் கூட டாப் 100 லிஸ்ட்ல இல்ல. இதுல ஒரு கூத்து, மெட்ஸ்ல அவனை வாங்குன டேவிட் ஸ்டெர்ன்ஸ்தான் 2022ல மில்வாக்கில ஹேடரை வித்தவரு. ஹெல்ஸ்லி மெட்ஸ்ல போய் கண்டபடி அடி வாங்குனான், மெட்ஸ் ப்ளேஆஃப்பை கடைசி நாள்ல விட்டாங்க. வித்தப்பவும் நூலிழைல போச்சு, வாங்குனப்பவும் நூலிழைல போச்சு, ஸ்டெர்ன்ஸுக்கு க்ளோசர்ங்கிற ராசியே இல்ல போல.

பதிலுக்கு என்ன கேக்கணும்? பிட்சரா பேட்டரா?

பேட்டர், அதுவும் கேட்சர், ஷார்ட்ஸ்டாப் மாதிரி கஷ்டமான இடத்துல நிக்குறவன். க்ளோசரை வித்து பிட்சரை வாங்குறதுன்னா ஒரு முழங்கை ஆபத்தை குடுத்துட்டு இன்னொரு முழங்கை ஆபத்தை வாங்குறது. ஹேடர் ட்ரேட்ல வந்த ராபர்ட் கேஸரே சாட்சி, 2024ல மேல வந்து அஞ்சு மேட்ச் அழகா போட்டான், உடனே முழங்கை ஆபரேஷன்.

எவ்வளவு கேக்கலாம்ங்கிறது முழுக்க பாக்கி வருஷத்தை பொறுத்தது. 2025 ஜூலையில கை மாறின க்ளோசருங்கள்ல மூணு பேரை மட்டும் பாருங்க. ஹெல்ஸ்லிக்கு ரெண்டு மாசம், கிடைச்சதை மேல சொல்லிட்டேன். மினசோட்டா ஜோவான் டுரானுக்கு ரெண்டரை வருஷம் பாக்கி, ஃபில்லி குடுத்தது எட்வர்டோ டேட்ங்கிற 18 வயசு கேட்சர், மிக் ஏபெல்ங்கிற பிட்சர். மேசன் மில்லருக்கு நாலு வருஷத்துக்கு மேல பாக்கி, அவனையும் ஜே.பி. சியர்ஸையும் அத்லெடிக்ஸ் டீம் சான் டியேகோவுக்கு குடுத்தப்ப வந்தது லியோ டி வ்ரீஸ், 18 வயசு ஷார்ட்ஸ்டாப், பல லிஸ்ட்ல நாட்டுலயே முதல் அஞ்சுக்குள்ள இருந்தவன், கூட மூணு பிட்சர். ஒரே வாரம், ஒரே வேலை பாக்குற மூணு பேர், விலை மட்டும் எங்கயோ இருக்கு.

வாங்குன பையன் தேறலன்னா? பாதி பேர் காணாமதானே போறான்?

பாதிக்கு மேலயே போறான். 2018 டிசம்பர்ல சியாட்டில் எட்வின் டியாஸை வித்தாங்க, அந்த வருஷம் 57 சேவ் எடுத்த ஆளு, ராபின்சன் கனோவோட பெரிய காண்ட்ராக்டையும் சேத்து மெட்ஸ் தலையில கட்டினாங்க. வந்த ஜாரெட் கெலனிக்கை அடுத்த சூப்பர் ஸ்டார்னாங்க, தேறவே இல்ல. 2019ல டியாஸ் இ.ஆர்.ஏ 5.59, நியூயார்க் ரசிகருங்க திட்டி தீத்தாங்க, 2022ல அதே டியாஸ் 1.31. எந்த வருஷத்துல நின்னு பாக்குறீங்களோ அதுக்கு ஏத்த மாதிரி ஏமாந்தவன் மாறிட்டே இருப்பான்.

அதனாலதான் ஒருத்தனை மட்டும் நம்பி விக்கக் கூடாதுங்குறேன். 2016ல யாங்கீஸ் சாப்மனை வித்த அதே வாரம் ஆண்ட்ரூ மில்லரையும் க்ளீவ்லண்டுக்கு வித்தாங்க, அதுல தலைப்பு பேரு க்ளின்ட் ஃப்ரேசர், அவன் ஒண்ணும் ஆகல. ஆனா கூட வந்த ஜஸ்டஸ் ஷெஃபீல்டை ரெண்டு வருஷம் கழிச்சு ஜேம்ஸ் பேக்ஸ்டன்ங்கிற பிட்சரா மாத்தினாங்க, 2019ல 15 வெற்றி. ரூயிஸ் கான்ட்ரெராஸ் ஆன மாதிரிதான். பையன் ஆடித்தான் பலன் குடுக்கணும்னு இல்ல, அவன் பேருக்கு மவுசு இருக்குறப்பவே வேற ஆளா மாத்திக்கலாம்.

விக்காம வெச்சுக்கிட்டு நல்லா வந்தவங்களே இல்லையா?

ரிவேரா இருக்கானே, 19 சீசனும் ஒரே டீம். ஆனா ரிவேராவை உதாரணமா காட்டி எந்த க்ளோசரையும் வெச்சுக்க சொல்றது நியாயமில்ல, அப்படி ஒருத்தன் அதுக்கு முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்ல.

வெச்சுக்கிட்டு நொந்தது பால்டிமோர். 2016ல ஸாக் பிரிட்டன் 47 சேவ் வாய்ப்புல 47உம் எடுத்தான், இ.ஆர்.ஏ 0.54. அந்த வருஷ வைல்டு கார்டு மேட்ச் (தோத்தா வெளிய, ஒரே மேட்ச்) டொரான்டோல 11ஆவது இன்னிங்ஸ் வரைக்கும் போச்சு, பிரிட்டன் புல்பென்லயே நின்னுட்டு இருந்தான், வெளியூர் மேட்ச், முன்னிலை வரட்டும்னு மேனேஜர் பக் ஷோவால்டர் காத்துட்டே இருந்தாரு. முன்னிலை வரல, உபால்டோ ஹிமெனஸ் பந்துல எட்வின் என்கர்னாசியன் அடிச்சு முடிச்சுட்டான். அதுக்கு அப்புறமும் விக்கல. 2017ல கையில வலி, டிசம்பர்ல கணுக்கால் பின்னாடி இருக்குற தசைநார் (அகிலிஸ்) அறுந்துது, 2018 ஜூலையில வித்தப்ப வந்த மூணு பேர்ல சொல்லிக்குற மாதிரி யாரும் இல்ல. 2016 முடிஞ்ச கையோட விலை கேட்டிருந்தா என்ன கிடைச்சிருக்கும்னு யோசிச்சாலே பால்டிமோர்காரனுக்கு தூக்கம் வராது.

ப்ளேயருக்கே போக இஷ்டம் இல்லன்னா? கட்டாயப்படுத்த முடியுமா?

பெரும்பாலும் முடியும். காண்ட்ராக்ட்ல நோ ட்ரேட்னு எழுதி வாங்கியிருந்தா, இல்ல மேஜர் லீக்ல 10 வருஷம், அதுல கடைசி 5 வருஷம் அதே டீம்ல இருந்திருந்தா மட்டும்தான் மாட்டேன்னு சொல்லலாம். க்ளோசருங்க அவ்வளவு நாள் ஒரே இடத்துல நிலைக்கிறது அபூர்வம். சீசன் நடுவுல ட்ரேட் ஆனவனுக்கு ஒரு லாபமும் உண்டு, அவன் மேல டீம் க்வாலிஃபையிங் ஆஃபர் (ஒரு வருஷ சம்பள ஆஃபர், அதை வேண்டாம்னு போறவனை எடுக்குற டீம் ட்ராஃப்ட் இடத்தை இழக்கும்) போட முடியாது, அதனால ஃப்ரீ ஏஜென்ட் சந்தைல அவனை எடுக்குறவனுக்கு ட்ராஃப்ட் நஷ்டம் கிடையாது.

ஒருத்தனை விக்கலாம் சரி, மினசோட்டா மாதிரி புல்பென்னையே காலி பண்ணா அது எந்த கணக்குல வரும்?

அது வேற கணக்கு. 2025 ஜூலை கடைசில ட்வின்ஸ் டுரானை மட்டும் இல்லாம க்ரிஃபின் ஜாக்ஸ், லூயிஸ் வார்லண்ட், ப்ராக் ஸ்டூவர்ட், டேனி கூலோம்ப்னு அஞ்சு ரிலீவரை ரெண்டு மூணு நாள்ல வித்தாங்க. நான் மேல 9ஆவது இன்னிங்ஸ் கேள்வில சொன்னது அடுத்த ஆள் தயாரா இருக்கணும்னு, இங்க அந்த அடுத்த ஆளையும் அதுக்கு அடுத்த ஆளையும் சேத்து வித்தாச்சு. சீசன் 92 தோல்வில முடிஞ்சுது, மேனேஜர் ராக்கோ பால்டெல்லி வேலையும் போச்சு.

டுரானை வித்ததை நான் ஆதரிக்குறேன், டேட் மாதிரி ஒரு கேட்சர் வந்தா குடுக்கலாம். கூலோம்ப் எப்படியும் போயிருப்பான். எனக்கு புரியாதது வார்லண்ட்தான். மினசோட்டாக்காரப் பையன், சம்பளம் சொற்பம், இன்னும் அஞ்சு வருஷம் டீம் கைலதான் இருந்திருப்பான், அவனைத்தான் புது க்ளோசரா வளத்திருக்கணும். டொரான்டோவுக்கு குடுத்தாங்க, அங்க போய் அக்டோபர் பூரா போட்டு உலக தொடர் 7ஆவது மேட்ச் வரைக்கும் போன டீம்ல இருந்தான்.